சால்வைக்கு முன்னால் டிஸ்சார்ஜ் புத்தகம்

பதினேழு ஆண்டுகள் இராணுவத்தில் பணியாற்றி, அதில் இரண்டு முறை ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் படையோடு காஷ்மீரில் இருந்துவிட்டு, ஒரத்தநாட்டுப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் 1965, 1971 போர்களில் இருந்த பெரியவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சால்வை போர்த்துகிறார்கள். அதற்கு மேல் எங்களைப் போன்ற இளைய முன்னாள் படைவீரர்கள் அவர்களுக்கு என்ன செய்ய முடியும்? நால்வரில் ஒருவர், பட்டாளத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். அவரிடம் எப்படி நடந்துகொள்வது?"

நான் இராணுவப் பொறியாளர்களான மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் 1993 முதல் 2017 வரை இருந்தவன். கார்கில் போர் நடந்த 1999 கோடையில் லடாக்கில் இருந்தேன். பணி முடிந்து மன்னார்குடிக்கு அருகில் உள்ள எங்கள் ஊருக்கு வந்த பிறகு, வயலைப் பார்ப்பது பாதி வேலையாகவும், அக்கம்பக்கத்துப் பெரியவர்களின் ஓய்வூதியக் காகிதங்களைப் பார்த்துக்கொடுப்பது மீதி வேலையாகவும் ஆகிவிட்டது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சால்வை போர்த்துவது நல்ல காரியம்தான். ஆனால் அதை ஊரில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். பட்டாளத்திலிருந்து வந்த ஒருவரால் மட்டுமே செய்ய முடிந்த காரியம் ஒன்று உண்டு. பணி முடிந்து வெளிவரும்போது இராணுவம் கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை அந்தப் பெரியவரிடம் கேட்டு வாங்கி, திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பொருள் புரிந்து படிப்பதுதான் அது.

அவருடைய பிள்ளைகளுக்கு அது பழைய காகிதம். வங்கிக்காரருக்கும் இ-சேவை மையத்துப் பையனுக்கும் அதில் உள்ள சுருக்கெழுத்துகள் புரியாது. நமக்குப் புரியும். ஆர்மி நம்பரைப் பார்த்தாலே அவர் எந்தப் படைப்பிரிவு என்பது தெரியும். எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் வெளியே வந்தார், வெளியேறிய காரணமாக என்ன எழுதப்பட்டிருக்கிறது, எந்த குரூப் (தொழில்வாரி ஊதியப் பிரிவு), என்ன மருத்துவப் பிரிவு, எந்தெந்தப் பதக்கங்கள், குடும்பத்தார் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று ஒவ்வொன்றும் நமக்கு ஒரு செய்தியைச் சொல்லும். அவருக்கு வரவேண்டிய பணமோ, வைத்தியமோ, அவர் காலத்துக்குப் பிறகு அவர் மனைவிக்கு வரவேண்டியதோ எங்கே அடைபட்டுக் கிடக்கிறது என்பது பெரும்பாலும் அந்தப் பக்கங்களிலேயே தெரிந்துவிடும்.

நீடாமங்கலத்துக்கு அருகில் ஒரு பெரியவர். எண்பத்தொரு வயது, 1971இல் கிழக்கு வங்கத்தில் இருந்தவர். அவர் புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் உரச்சாக்கில் சுற்றி, அரிசிக் குதிருக்குப் பின்னால் வைத்திருந்தார். 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைப் பிரித்துக்கொண்டு போன இரவில், தன் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிய புத்தகம் அது. அட்டை கைபட்டுக் கறுத்திருந்தது, ஓரங்களைச் செல்லரித்திருந்தது, ஆனால் எழுத்து அழியவில்லை. குடும்ப விவரப் பக்கத்துக்கு வந்தபோதுதான் நெருடியது. மனைவியின் பெயருக்குப் பின்னால் உள்ள 'அம்மாள்' என்ற ஒட்டு அதில் இல்லை. ஓய்வூதிய ஆணையில் பெயர் வேறொரு எழுத்துக்கூட்டலில் இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு எழுதிய ஏதோ ஒரு வடநாட்டு கிளார்க்கின் கைவண்ணம். ஆதாரில் 'அம்மாள்' இருந்தது, பிறந்த ஆண்டோ நான்கு ஆண்டுகள் தள்ளி இருந்தது. ஆக, மூன்று காகிதங்களில் மூன்று பெண்கள். பெரியவருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வந்துகொண்டிருந்ததால், இந்த வேறுபாடு யார் கண்ணிலும் படவில்லை. அவர் கண்மூடிய மறுநாள்தான் அது பட்டிருக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணவர் உயிரோடு இருக்கும்போது இந்தத் திருத்தம், அவருடைய கையெழுத்து, கணவன் மனைவி சேர்ந்து எடுத்த புகைப்படம், உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றோடு, படைப்பிரிவின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்குப் போய், திருத்திய ஆணையாகத் திரும்பி வரும். அவர் இறந்த பிறகு அதே திருத்தத்தை, எழுபத்தைந்து வயதுக் கைம்பெண் ஒருத்தி வருவாய்த் துறையிலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் காகிதம் வாங்கி நிரூபிக்க வேண்டியிருக்கும். வேதாரண்யம் பக்கத்து அம்மா ஒருவர் குடும்ப ஓய்வூதியம் தொடங்குவதற்குப் பதினான்கு மாதம் காத்திருந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். அந்தப் பதினான்கு மாதமும் மகள் வீட்டுச் சோறுதான். ஆகவே நான்கு பெரியவர்களிடமும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதைத்தான். ரெக்கார்டு ஆபீஸ் எது என்பதை அறிவதில் உங்களுக்குச் சிரமம் இருக்காது: மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், எங்கள் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். விண்ணப்பத்தை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால், அனுப்பியதற்கு ஒரு பதிவு கையில் இருக்கும்.

பிறந்த தேதிக்கு இன்னொரு முக்கியத்துவமும் இருக்கிறது. எண்பது வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடும்; 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் முழுவதுமாக இன்னொரு மடங்கு. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிக்கும் இது உண்டு. ஆனால் அவர் பிறந்த தேதியே ஆணையில் இல்லாவிட்டால், எண்பது நிறைந்தது யாருக்குத் தெரியும்? 1965 போரில் இருந்தவர்கள் எல்லோரும் இப்போது எண்பதைத் தொட்டவர்களோ, தொடப்போகிறவர்களோதான். அதேபோல, ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2019 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் திருத்தப்பட்டிருக்கிறது. பதவியோ, குரூப்போ, பணி ஆண்டுகளோ, ஓய்வூதியம் வழங்கும் ஸ்பர்ஷ் கணினியில் தவறாக ஏறியிருந்தால், ஒவ்வொரு திருத்தத்திலும் அந்தத் தவறும் சேர்ந்தே வளரும். புத்தகத்தையும் ஸ்பர்ஷ் பக்கத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மணி நேரம் போதும்.

ஆண்டுக்கு ஒரு முறை கொடுக்க வேண்டிய உயிர்ச் சான்றிதழ் நமக்கு அற்பமாகத் தெரியும். வாழ்நாளெல்லாம் மண்வெட்டி பிடித்த விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். பொதுச் சேவை மையத்தில் அந்தச் சின்னக் கருவியின் மீது பெரியவர் விரலை வைக்கிறார். சிவப்பு விளக்கு எரிகிறது. துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். அடுத்த விரல், அதற்கடுத்த விரல் என்று பத்து விரலும் தோற்றுவிடுகின்றன. வரிசையில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் கண்ணிவெடியை விரல் நுனியால் தடவி எடுத்தவர், தான் உயிரோடு இருப்பதை அந்த விரலால் நிரூபிக்க முடியாமல் கூனி நிற்பதைப் பார்த்த பிறகு, நான் யாரையும் மையத்துக்கு அழைத்துப் போவதில்லை. 2021 முதல், முகத்தைப் படம் பிடித்தே ஜீவன் பிரமாண் சான்று கொடுக்க வழி இருக்கிறது. உங்கள் கைபேசியில் அந்தச் செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் வீட்டு வாசலில், காலை வெளிச்சத்தில், காப்பி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஓய்வூதியமே இல்லாத முன்னாள் படைவீரர்களும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். 1962 சீனப் போரை ஒட்டி அவசரமாகச் சேர்க்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே அனுப்பப்பட்டவர்கள் பலர். அவர்களின் புத்தகத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள். அந்தக் காலத்தில் சில ஆண்டுகள் பணி, மீதி ஆண்டுகள் ரிசர்வ் (கூப்பிட்டால் வர வேண்டிய இருப்புப் படை) என்ற முறை இருந்தது. இரண்டும் சேர்ந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தால் ரிசர்விஸ்ட் ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு, அது தெரியாமலேயே காலம் கடத்தியவர்கள் உண்டு. அதற்கும் வழியில்லை என்றால், 65 வயதைக் கடந்த, ஹவில்தார் பதவி வரை இருந்த, ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும், முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு வறுமைக்கால உதவித்தொகை தருகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பர் முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதைக் கையேந்துவதாக நினைக்கும் தலைமுறை அது என்பதால், "நீங்கள் கேட்க வேண்டாம், நான் எழுதுகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது.

இன்னொன்று, டெல்டாவில் மிகவும் பயன்படும் செய்தி. பட்டாளத்திலிருந்து வந்த பலர் பிறகு மின்வாரியத்திலோ, பள்ளிக்கூடத்திலோ, வேறு அரசு அலுவலகத்திலோ இரண்டாவது வேலை பார்த்து, அங்கும் ஓய்வூதியம் வாங்கினார்கள். அவர் இறந்த பிறகு மனைவிக்கு ஏதாவது ஒரு குடும்ப ஓய்வூதியம்தான் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டையும் வாங்கலாம். பழைய விதியையே நம்பி, சிவில் பக்கத்து ஓய்வூதியத்தை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும் அம்மாக்கள் இன்றும் இருக்கிறார்கள். கணவரை இழந்த பட்டாளத்து வீடுகளுக்கும் ஒரு நடை போய், இதை விசாரியுங்கள்.

காயம்பட்டு வந்தவர்களின் விஷயத்தில், உடற்குறை எத்தனை விழுக்காடு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு 1996 முதல் அதை உயர்த்திக் கணக்கிடும் விதி இருக்கிறது. 30 விழுக்காடு என்று எழுதியிருந்தால் 50 என்று கொண்டு கொடுக்க வேண்டும். மறுக்கப்பட்டால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003இல் வந்தது. 1996க்கு முன்பு ஓய்வூதியத்தோடு வெளிவந்தவர்கள் சந்தா கட்டத் தேவையில்லை. பீரங்கிப் படையில் இருந்தவர்களின் காதைக் கவனியுங்கள். "கிழவனுக்கு எதுவும் காதில் விழாது" என்று வீட்டில் ஒதுக்கிவைத்திருப்பார்கள். ஒரு காதுக் கருவி வாங்கிக் கொடுத்தால் அந்த மனிதர் மறுபடியும் வீட்டுப் பேச்சுக்குள் வந்துவிடுவார்.

நிலுவைத் தொகை வாங்கித் தருகிறேன் என்று பாதிப் பங்கு கேட்டு வருகிற தரகர்களும், ஸ்பர்ஷ் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம் என்று ஓ.டி.பி. கேட்பவர்களும் இந்தப் பெரியவர்களைத்தான் குறிவைக்கிறார்கள். "பணத்தைப் பற்றி யார் போன் செய்தாலும் என் நம்பரைக் கொடுங்கள்" என்று சொல்லி, உங்கள் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

காகிதத்தைப் பற்றியே இவ்வளவு எழுதிவிட்டேன். மரியாதை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். புத்தகத்தைப் படிக்க உட்கார்ந்தால் அது தானாக வரும். "சமர் சேவா ஸ்டார் போட்டிருக்கிறதே, 65இல் எந்த செக்டர்?" என்றோ, "பூர்வி ஸ்டார் இருக்கிறதே, ஆற்றைத் தாண்டிப் போனீர்களா?" என்றோ நீங்கள் கேட்கும் அந்த ஒரு கேள்வி, மேடையில் ஒலிபெருக்கியில் சொல்லப்படும் எந்தப் பாராட்டையும்விட அவருக்குப் பெரியது. பூர்வி ஸ்டார் 1971இல் கிழக்குப் பகுதியில் இருந்தவர்களுக்கும், பஸ்சிமி ஸ்டார் மேற்குப் பகுதியில் இருந்தவர்களுக்கும் கொடுக்கப்பட்டது என்பது ஊரில் வேறு யாருக்குத் தெரியும்? பதக்கம் தொலைந்திருந்தால் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதி, உரிய தொகை கட்டி, மாற்றுப் பதக்கம் வாங்க முடியும். பித்தளைப் பாத்திரக்காரருக்குப் பழைய விலைக்குப் போன பதக்கங்கள் நம் ஊர்களில் குறைவில்லை.

பேச்சுக் கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் "எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா?" என்று கேட்கிறார்கள், நாம் அப்படித் தொடங்கக் கூடாது, அது நமக்கே தெரியும். லங்கரை, அதாவது படைச் சமையற்கூடத்தைப் பற்றிக் கேளுங்கள். பயிற்சி கொடுத்த உஸ்தாத் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். வீட்டுக்கு மணியார்டர் எப்படி அனுப்பினார், கடிதம் வர எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். இராணுவத் தபால் முகவரியான '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்று நீங்கள் சொன்னவுடனே அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். ஐம்பது ஆண்டுகளாகப் பேசாத பட்டாளத்து இந்தி, அவர் வாயில் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வரும். சில நேரங்களில் தமிழில் சொல்ல முடியாததை அந்த இந்தியில்தான் சொல்வார்.

நீடாமங்கலத்துப் பெரியவர் என்னிடம் முதலில் சொன்னது குண்டைப் பற்றியல்ல, நெல்லைப் பற்றித்தான். "அங்க போயி எறங்குனா, நம்ம ஊரு மாதிரியே இருந்துச்சு தம்பி. வயலு, வாய்க்கா, வரப்பு, வரப்புல கொக்கு. அறுப்பு நேரம். அறுக்க ஆளில்ல. நெல்லு முத்தித் தலை சாஞ்சு கெடக்கு, அதுக்குள்ள பூட்ஸ் காலோட நடந்துபோனோம். நெல்ல மிதிக்கிறமேன்னுதான் எனக்கு இருந்துச்சு" என்றார். 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணடைவு கையெழுத்தாகி, பாகிஸ்தான் தரப்பில் ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டார்கள் என்பதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கிழக்கு வங்கத்தில் அது ஆமன் நெல் அறுவடைக் காலம் என்பதும், டெல்டாவிலிருந்து போன ஒரு சிப்பாய்க்கு அந்த வயலில் கால் வைக்கக் கூசியிருக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. இதையெல்லாம் அவர் அனுமதியோடு கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவருடைய பேரப் பிள்ளைகளுக்கு ஒரு படி கொடுங்கள்.

இந்தப் பேச்சு ஒருவழிப் பாதையும் அல்ல. தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது, பண்டிகை வெடிச் சத்தத்துக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வது, கூட்டத்தில் முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்காருவது இவையெல்லாம் அவருக்கும் இருந்திருக்கும். அவர் காலத்தில் அதற்குப் பெயரும் இல்லை, வைத்தியமும் இல்லை. காஷ்மீரிலிருந்து வந்த உங்களுக்கும் இவற்றில் ஏதாவது இருக்கலாம். 1999க்குப் பிறகு எனக்கு இருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தது டாக்டரோ வீட்டாரோ அல்ல. 65 போரில் இருந்த ஒரு பெரியவர், தீபாவளியன்று என் கையைப் பார்த்துவிட்டு, "வா, வயப்பக்கம் போவோம்" என்று அழைத்துப்போனார். இன்றைக்கு டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். பெரியவருக்கும் உங்களுக்கும் அது பயன்படும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இலங்கைக்கு 1987இல் போன அமைதிப்படையில் இருந்தவர்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அவர்களும் இப்போது அறுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். கோடியக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மண்ணில், தாய்மொழியே பேசும் மக்கள் நடுவே நடந்த அந்தச் சண்டையைப் பற்றித் தமிழ்ச் சிப்பாய்கள் ஊரில் வாய் திறப்பதில்லை. 1990 மார்ச்சில் அவர்கள் கப்பலில் திரும்பி வந்தபோது கிடைத்த வரவேற்பு எப்படிப்பட்டது என்பது அவர்களுக்கு மறக்கவில்லை. ஏறத்தாழ 1,200 பேர் அங்கே உயிர் விட்டார்கள். 1987 நவம்பர் 25 அன்று விழுந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா கொடுக்கப்பட்டது. அந்தப் போர் சரியா தவறா என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து இருக்கலாம். ஆனால் சிப்பாய் தன் போரைத் தேர்ந்தெடுப்பதில்லை. போ என்றால் போனான். அவர் வீட்டுத் திண்ணையில் அந்த வாதத்தைத் தொடங்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுப் பாட்டி தண்ணீர் கொடுத்ததையோ, கொடுக்க மறுத்ததையோ அவராக ஒருநாள் சொன்னால், கேட்டுக்கொள்ளுங்கள்.

விழா எடுப்பதாக இருந்தால் இரண்டு செய்திகளை மனத்தில் வையுங்கள். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமாகிறது என்று எண்பது வயதுக்காரர்களை வெயிலில் பந்தலோரம் இரண்டு மணி நேரம் உட்காரவைக்கும் விழா, விழாவே அல்ல. மற்றது, சொல்லக் கசப்பானது, ஆனால் சொல்ல வேண்டியது. படையில் ஒரே லங்கரில் சாப்பிட்டு, ஒரே பங்கரில் படுத்தவர்கள், ஊர் வந்து சேர்ந்ததும் தனித்தனித் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். மேடைக்கு அழைக்கப்படும் பட்டாளத்தார் பட்டியலில் காலனியில் இருக்கும் பட்டாளத்தார் பெயர் விட்டுப்போவது தற்செயல் அல்ல. உங்கள் ஊரில் நான்கு பேர் என்கிறீர்கள். கீழத்தெரு, காலனி, மீனவர் குப்பம் எல்லாம் போய் விசாரித்துவிட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள். ஐந்தோ ஆறோ ஆகலாம். எங்கள் பக்கம் நாங்கள் மூன்று பேர் என்று நினைத்தோம், ஏழு பேர் இருந்தார்கள்.

நாள் வேண்டுமென்றால், ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். இராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாக இருந்த கரியப்பா 1953இல் ஓய்வுபெற்ற நாள் அது. நமக்கோ அது பொங்கலை ஒட்டிய நாள், சம்பா அறுவடையும் தொடங்கியிருக்கும். நாங்கள் அன்று மேடை போடுவதில்லை. இளையவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, ஒரு கட்டுக் கரும்பு, மஞ்சள் கொத்து, புது வேட்டி, அம்மாவுக்குப் புடவை என்று பிறந்த வீட்டுச் சீர் போல எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போகிறோம். வாசலில் ஃபால்-இன் ஆகி ஒரு சல்யூட். அவர்களும் திருப்பி சல்யூட் அடிக்க எழுந்திருப்பார்கள். முடியாதவரைத் தாங்கிப் பிடிக்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அவர் காலமானால் செய்ய வேண்டியவற்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஆர்வத்தில் பலர் தேசியக் கொடியை வாங்கி வந்து உடலின் மேல் போர்த்திவிடுகிறார்கள். கொடிச் சட்டப்படி, அரசு அல்லது இராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில்தான் அப்படிப் போர்த்தலாம். அப்போதும் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும், கொடியை எரிக்கவோ புதைக்கவோ கூடாது. மற்றவர்களுக்கு நாம் செய்யக்கூடியது மலர்வளையம், பதக்கங்களை ஒரு தட்டில் எடுத்துவருவது, தொப்பியோடு இரு வரிசையாக நின்று வழியனுப்புவது. பறையும் தாரையும் ஒரு நிமிடம் ஓய, நம்மில் ஒருவர் அவருடைய ஆர்மி நம்பர், பதவி, பெயர், இருந்த போர்கள் இவற்றை உரக்கச் சொல்வதை நாங்கள் வழக்கமாக்கியிருக்கிறோம். காரியம் முடிந்த மறுவாரமே இறப்புச் சான்றிதழோடு மனைவியின் குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பத்தை ஏற்றிவிடுங்கள்.

பேச்செடுத்தால் எழுந்து போகும் அந்தப் பெரியவரைப் பற்றிக் கேட்டீர்கள். அவரைப் பேசவைக்க வேண்டியதில்லை. எங்கள் ஊருக்கு இரண்டு கல் தொலைவில் அப்படி ஒருவர் இருக்கிறார், நான் இருந்த அதே மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர். மேற்கு எல்லையில், சகர்கட் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில் இருந்தார் என்பது மட்டும் ஊராருக்குத் தெரியும். 1971 டிசம்பரில் டாங்கிகள் ஆற்றைக் கடக்க, குண்டுமழைக்கு நடுவே கண்ணிவெடிக் காட்டில் வழி திறந்தவர்கள் நம் சாப்பர்ஸ். அதற்கு மேல் அவரிடம் யாருக்கும் ஒன்றும் கிடைத்ததில்லை. நான் வாரம் ஒருமுறை போவேன். களத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். காலால் கிளறிவிட்டுக்கொண்டே, மேட்டூர் அணை எப்போது திறப்பார்கள், குறுவைக்கு என்ன ரகம் போடலாம், தலைஞாயிறு பக்கம் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பேசுவோம். இரண்டு ஆண்டுகள் அவ்வளவுதான் பேச்சு. எங்கள் படைப்பிரிவில் சிப்பாயை 'தம்பி' என்றுதான் அழைப்பார்கள், வடக்கத்தி அதிகாரிகளும் அப்படித்தான் அழைப்பார்கள். அவர் என்னை அந்த இரண்டு ஆண்டுகளும் ஊர் வழக்கப்படி பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழையில் அவர் வீட்டுக் கூரை ஒழுகியது. சாமான்களை நகர்த்த ஒரு கை கொடுக்கப் போனேன். கட்டிலுக்கு அடியில் கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று, எழுத்து சுவர்ப்பக்கம் இருக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. நம் எல்லோரிடமும் அப்படி ஒன்று இருக்கிறது, வெள்ளைப் பெயிண்டில் நம்பரும் பதவியும் பெயரும் எழுதியது. நான் ஒரு பக்கம் பிடிக்க, அவர் மறுபக்கம் பிடிக்க, ஒழுகாத மூலைக்குக் கொண்டுபோய் இறக்கினோம். இறக்கிய பிறகு அவர் குனிந்து, பெட்டியை மெதுவாக என் பக்கம் திருப்பி வைத்து, தோளில் கிடந்த துண்டால் அந்த வெள்ளை எழுத்தின் மேலிருந்த ஈரத்தைத் துடைத்தார். பிறகு, "சாவி குதிருக்கு மேல இருக்கு, எடு தம்பி" என்றார்.